வெற்றிடத்தை மறைக்கும் யானை

1796ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, பாரிஸ் நகரத்து அறிஞர் சபையொன்றின் முன், இருபத்தாறே வயதினரான ஜோர்ஜ் குவியே என்னும் உடலமைப்பியலாளர் யானைகளைப் பற்றி உரையாற்றினார். அவர் ஆராய்ந்த சான்றுகளுள் இரண்டு மண்டையோடுகள் முதன்மையானவை. ஒன்று நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. மற்றையது இலங்கையிலிருந்து வந்தது. ஒல்லாந்திலே அரச சேகரிப்பில் இருந்த அவற்றை 1795இல் பிரெஞ்சுப் படையினர் கைப்பற்றிப் பாரிசுக்குக் கொண்டு சென்றிருந்தனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கிய குவியே, ஆசிய யானையும் ஆபிரிக்க யானையும் வெவ்வேறு இனங்கள் என நிறுவினார். அதனோடு நில்லாது, சைபீரிய நிலத்திற் கிடைத்த மமத்தின் எச்சங்களையும் இவ்விரண்டோடும் ஒப்பிட்டு, அவ்விலங்கு இவற்றுள் எதனோடும் சேராதது என்றும், இன்று உயிரோடில்லாத ஓர் இனம் என்றும் முடிவு கண்டார்.

ஓர் உயிரினம் அடியோடு அற்றுப்போகக்கூடும் என்னும் எண்ணம் அறிவியலிலே நிலைபெற இவ்வொப்பீடு பெரிதும் வழிவகுத்தது. இலங்கைக் காட்டு யானையொன்றின் தலையோடு அதற்குச் சான்றாய் அமைந்தமை இத்தீவின் கல்விக்கூடங்களிலே போதியளவு பேசப்படாத செய்தியாகும். அதனிலும் முக்கியமானது குவியே கையாண்ட முறை. அவர் விலங்குகளை அருகருகே வைத்தது அவற்றிடையேயுள்ள வேறுபாட்டைக் காண்பதற்காக. ஒற்றுமை எவர் கண்ணுக்கும் தெரிந்தது. வேறுபாட்டைக் காண்பதற்கே அறிவியல் வேண்டியிருந்தது. அவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்ட பின்னரே இழப்பு என்பது ஒரு பொருளாகப் புலப்பட்டது.

அதற்கு இருநூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள சான் டியேகோ மிருகக்காட்சிசாலை மீண்டும் மமத்தையும் யானையையும் அருகருகே வைத்தது. ‘எலிபன்ற் ஒடிசி’, அதாவது யானைகளின் நெடும்பயணம், என்பது அக்காட்சியின் பெயர். ஏறத்தாழ 45 மில்லியன் டொலர் செலவில், ஏழரை ஏக்கர் நிலத்தில் அது அமைக்கப்பட்டது. பிளைத்தோசீன் காலத்துக் கலிபோர்ணியாவில் வாழ்ந்த கொலம்பிய மமத், வாட்பல் பூனை, அமெரிக்கச் சிங்கம் முதலியவற்றின் முழுவளவுச் சிலைகள் அங்கே நிறுத்தப்பட்டன. உயிர்ச்சுவடுகள் பொதிந்த நிலத்தை நினைவூட்டும் பகுதியொன்றும், சிறுவர் ஓடியாடி விளையாடுவதற்கான இடமும் சேர்க்கப்பட்டன. சிலைகளைக் கடந்து செல்வோர் உயிருள்ள யானைகளையும், சிங்கத்தையும், ஜாகுவாரையும், ஒட்டகத்தையும், கொண்டோர் என்னும் பெருங்கழுகையும் கண்டனர். கல்வி, விளையாட்டு, விலங்குகளின் உறைவிடம் ஆகிய மூன்றையும் ஒரே நடைபாதையிற் கோத்த அமைப்பு அது.

இத்தகைய அமைப்பிற்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கனவல்ல. பனிக்கட்டிக் காலம் என்றவுடன் வெண்பனியும் கம்பளிமயிர் யானையுமே சாதாரண மக்களின் மனத்தில் எழுகின்றன. தென் கலிபோர்ணியாவைப் பனிக்கட்டி மூடியிருக்கவில்லை என்பதும், அங்கு புல்வெளியும் மரக்காடும் இருந்தன என்பதும், அவற்றிடையே ஏறத்தாழப் பதின்மூன்று அடி உயரமான கொலம்பிய மமத்துகள் மேய்ந்தன என்பதும் பாடப்புத்தகத்தாற் பதியாத செய்திகள். முழுவளவுச் சிலையின் காலடியில் நிற்கும் சிறுவன் அவற்றை ஒரு நொடியில் உணர்கிறான். விளையாட்டின் வழியே கற்பது ஏட்டின் வழியே கற்பதிலும் ஆழமாய்ப் பதியும் என்பதை ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார். மமத்தும் ஆசிய யானையும் நெருங்கிய உறவின என்பதும் பொய்யன்று. பரம்பரையலகு ஆய்வுகளின்படி, மமத்துக்கு ஆபிரிக்க யானையிலும் ஆசிய யானையே அண்மைய உறவு.

இவையனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இக்காட்சியைக் கடந்து வெளியேறும் சிறுவன் எதை நம்பியவனாய் வெளியேறுகிறான்?

அறிவிப்புப் பலகைகளில் எத்தனை உண்மைகள் எழுதப்பட்டிருப்பினும், மிருகக்காட்சிசாலையில் மெய்யான ஆசிரியன் நடைபாதையே. முதலில் மமத்தின் சிலை, அடுத்து உயிருள்ள யானை. முதலில் அமெரிக்கச் சிங்கத்தின் சிலை, அடுத்து ஆபிரிக்கச் சிங்கம். சிலை ஒரு வினாவைப் போலவும் விலங்கு அதற்குரிய விடையைப் போலவும் அமைகின்றன. ‘அன்று அது இருந்தது, இன்று இது இருக்கிறது’ என்பதே கால்கள் கற்கும் பாடம். இழப்பு நிகழ்ந்த இடத்திலே உடனடியாக ஓர் ஈடு நிறுத்தப்பட்டுவிடுகிறது. ஈடு கிடைத்தவன் இழப்பிற்கு வருந்துவதில்லை. குவியே வேறுபாட்டைக் காண்பதற்காகச் செய்த செயலை இக்காட்சி ஒற்றுமையைக் காட்டுவதற்காகச் செய்கிறது. அதன் பயனாக, அவர் கண்டுபிடித்ததை மீண்டும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

அந்த ஈடு எத்தகையது என்பதையும் நோக்குதல் தகும். சான் டியேகோவின் அடைப்பில் ஆசிய யானைகளும் ஆபிரிக்க யானைகளும் ஒன்றாக வைக்கப்பட்டன. இவ்விரு கிளைகளும் ஏறத்தாழ அறுபது, எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இரண்டும் வட அமெரிக்க மண்ணைத் தாமாக மிதித்தவையுமல்ல. அவற்றுக்கு நிழலும் தீனியும் தருவதற்கு உருக்கினாலான செயற்கை மரங்கள் நாட்டப்பட்டன. கலிபோர்ணியாவின் பழங்காலத்தைக் காட்டுவதற்கு வேறிரு கண்டங்களின் விலங்குகளும், எக்கண்டத்திலும் முளைக்காத மரங்களும் தேவைப்பட்டன என்பதே அங்கு நேர்ந்த வெற்றிடம் எத்துணைப் பெரிது என்பதற்குச் சான்று. காட்சியோ அந்தச் சான்றையே திரையாக்கிக்கொண்டது. பெயரும் அவ்வாறே. ஒடிசி என்பது நெடுநாள் அலைந்த வீரன் ஈற்றில் வீடு திரும்பும் கதை. மமத் வீடு திரும்பவில்லை.

அடுத்தது காரணம் பற்றியது. அவ்விலங்குகள் ஏன் மறைந்தன? 1960களிலிருந்து அமெரிக்க அறிஞர் போல் மார்ட்டின், புதிதாக வந்த மனித வேடரின் கைகளே அவற்றை அழித்தன என வாதிட்டார். வெப்பநிலை மாற்றமே காரணம் என்போர் அவரை மறுத்தனர். விவாதம் இன்றும் முற்றாக ஓயவில்லை. எனினும் 2023இல், சான் டியேகோவுக்கு வடக்கே லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள லா பிரேயா நிலக்கீற் குழிகளிலிருந்து கிடைத்த எலும்புகளைக் கொண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அப்பகுதியைப் பொறுத்தவரையில் தெளிவான படமொன்றைத் தந்தது. ஆராயப்பட்ட எட்டு முலையூட்டி இனங்களுள், கொயோட் என்னும் சிறு ஓநாய் தவிர்ந்த ஏழும், 12,900 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கிருந்து மறைந்துவிட்டன. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட எல்சினோர் ஏரியின் படிவுகளோ, அதற்குச் சற்று முந்திய சில நூற்றாண்டுகளிலே காட்டுத்தீயின் கரி பன்மடங்கு பெருகியதைக் காட்டின. நிலம் சூடாகியது, வரட்சி மிகுந்தது, மேய்ச்சல் விலங்குகள் குறைந்தன, மனிதர் பெருகினர், தீ பரவியது. ஒன்று மற்றொன்றை வளர்க்க, நிலத்தின் இயல்பே மாறிப்போயிற்று.

வெப்பமும் வரட்சியும் மனிதன் மூட்டிய தீயும் ஒன்றுசேர்ந்தால் ஒரு நாட்டின் பெருவிலங்குகள் சில நூற்றாண்டுகளில் இல்லாதொழியும் என்னும் செய்தி, இன்று ஆண்டுதோறும் காட்டுத்தீயினால் அல்லலுறும் கலிபோர்ணியா மக்களுக்கு வேறெந்தச் செய்தியிலும் நெருக்கமானதன்றோ? 2009இல் வாயில் திறந்த காட்சி 2023இன் ஆய்வை முன்கூட்டி அறிந்திருக்கவேண்டும் என எவரும் கேட்கமுடியாது. ஆயினும் காரணம் பற்றிய வினா அன்றும் இருந்தது. சிலையிலிருந்து நேரே விலங்கிற்கு அழைத்துச் செல்லும் நடைபாதையில் அவ்வினா நிற்பதற்கு இடமில்லை. நடுவே நிகழ்ந்த மரணம் ஒரு வளைவைக் கடக்கும் நேரத்தில் கடக்கப்படுகிறது.

இங்கு விளையாட்டைப் பற்றி ஒன்று கூறவேண்டும். விளையாட்டுக்கும் முற்றழிவுக்கும் இடையே இயல்பாகவே ஒரு முரண் உண்டு. கிளித்தட்டு ஆடும் பிள்ளை அடிபட்டு வெளியேறினாலும் அடுத்த ஆட்டத்தில் உள்ளே வந்துவிடுகிறது. மீண்டும் தொடங்கலாம் என்னும் உறுதியே விளையாட்டின் உயிர். முற்றழிவிலோ அடுத்த ஆட்டம் இல்லை. எனவே விளையாட்டினால் மமத்தின் பருமனைக் கற்பிக்கலாம். எலும்பைத் தோண்டும் பொறுமையைக் கற்பிக்கலாம். காற்தடம் பார்த்து விலங்கை அறியும் கூர்மையைக் கற்பிக்கலாம். மீளமுடியாமையை மாத்திரம் கற்பிக்க முடியாது. அதனைக் கற்பிப்பதற்கு விளையாட்டு ஓரிடத்திலே நிற்கவேண்டும். மூன்றையும் இடைவெளியின்றிக் கலந்துவிடும் அமைப்பில் அந்த நிறுத்தம் கிடைப்பதில்லை.

இம்மரபு எங்கிருந்து வந்தது என்பது இலங்கையருக்கு அந்நியமான கதையன்று. 1907இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரெலிங்கனில், விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் தமது புகழ்பெற்ற பூங்காவைத் திறந்தார். கம்பிகளை நீக்கி, அகழிகளால் விலங்குகளைப் பிரித்து, அவை சுதந்திரமாக உலவுவன போன்ற தோற்றத்தை உண்டாக்கியவர் அவரே. அப்பூங்காவிலேயே பூர்வகால ஊர்வனவற்றின் பெருஞ்சிலைகளும் நிறுத்தப்பட்டன. அற்றுப்போனதன் சிலையும் அடைபட்டதன் உடலும் ஒரே உலாவில் காணும் காட்சியாயின. அதே ஹாகன்பெக், 1880களில் இலங்கை மக்களையும் யானைகளையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று காட்சிப்படுத்தியவர். அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலிருந்து விலங்கு வணிகம் நடத்தியவர். அவர் அமைத்த சேகரிப்பே 1936இல் அரசின் பொறுப்பில் வந்து தெகிவளை மிருகக்காட்சிசாலையாயிற்று. வணிகமும் காட்சியும் கல்வியும் ஒன்றோடொன்று பின்னிய வரலாறு இது. தோற்றத்தால் மனத்தை அமைதிப்படுத்துவது இம்மரபின் முதற்றொழில். அகழி சிறையை மறைத்தது. சிலைக்குப் பின் நிற்கும் யானை சாவை மறைக்கிறது.

இத்தனைக்கும், சான் டியேகோவின் அக்காட்சியிலே பொய்யுரையாத சாட்சியொன்று இருக்கத்தான் செய்தது. அது கலிபோர்ணியக் கொண்டோர். பிளைத்தோசீன் காலத்துப் பெருவிலங்குகளின் பிணங்களைத் தின்று வாழ்ந்த அப்பறவை, அவ்விலங்குகள் மறைந்த பின், பசிபிக் கரையில் ஒதுங்கிய கடல்வாழ் முலையூட்டிகளின் உடல்களைத் தின்று தப்பிப் பிழைத்தது. 1982இல் அவ்வினத்தில் 22 பறவைகளே எஞ்சியிருந்தன. 1987இல் காட்டிலிருந்த இறுதிப் பறவையும் பிடிக்கப்பட்டு, 27 பறவைகளைக் கொண்டு இனப்பெருக்க முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அம்முயற்சியிலே பெரும்பங்கு சான் டியேகோ நிறுவனத்தினுடையது என்பதை அதன் கண்டனக்காரரும் மனமுவந்து ஒப்புக்கொள்ளவேண்டும். 1992இல் பறவைகள் மீண்டும் வானத்தில் விடப்பட்டன. இன்று அவற்றின் தொகை ஐந்நூறுக்கு மேல். ஆயினும் வேடர் சுட்ட விலங்குகளின் பிணத்தில் எஞ்சும் ஈயக்குண்டுத் துகள்கள் அவற்றை இன்றும் கொல்கின்றன. 2019இல் கலிபோர்ணியா வேட்டையில் ஈயக்குண்டை முற்றாகத் தடைசெய்யும்வரை சென்றது இதன் பொருட்டே.

பனிக்கட்டிக் காலத்திலிருந்து இன்றுவரை அறாது வரும் ஓர் உயிர், மனிதனால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, மனிதனாலேயே மீட்கப்பட்டு, இன்னும் ஆபத்து நீங்காது நிற்கிறது. ஒரு காட்சிக்கு இதனிலும் சிறந்த கதை வேண்டுமா? அக்கதை கையில் இருந்தும், நாற்பத்தைந்து மில்லியன் டொலர்க் காட்சிக்கு யானையின் பெயரே சூட்டப்பட்டது. பிணந்தின்னும் வழுக்கைத் தலைக் கழுகைக் காண்பதற்கு மக்கள் திரளமாட்டார்கள் என்னும் கணக்கைத் தவிர இதற்கு வேறு விளக்கம் காண்பது அரிது.

ஒரு நாட்டின் மிருகக்காட்சிசாலையில் நிகழும் இச்சிறு தவறு பெரிதுபடுத்தத்தக்கதா எனக் கேட்கலாம். தவறு அங்கேயே நின்றுவிடவில்லை. 2025 ஏப்ரலில், அமெரிக்க நிறுவனமொன்று, லா பிரேயாக் குழிகளில் எலும்பாய்க் கிடக்கும் பேரோநாயை உயிர்ப்பித்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தது. உண்மையில் பிறந்தவை, பதினான்கு பரம்பரையலகுகளில் இருபது மாற்றங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்க் குட்டிகள். அவை பேரோநாய்கள் அல்ல என்பதை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாயினங்கள் பற்றிய நிபுணர் குழு அறிவித்தது. அதே நிறுவனம், ஆசிய யானையின் பரம்பரையலகுகளை மாற்றி மமத்தை ஒத்த விலங்கொன்றைப் பிறப்பிக்கும் நோக்கத்தையும் வெளியிட்டுள்ளது. உருவம் ஒத்தால் இனம் மீண்டது என்னும் இந்நம்பிக்கையை, சிலையையும் விலங்கையும் அடுத்தடுத்து நிறுத்தும் காட்சிகள் ஒரு தலைமுறைக்கு முன்னரே பயிற்றிவிட்டன. இழந்ததை மீளச் செய்துகொள்ளலாம் என்று நம்பும் சமுதாயம் இருப்பதைக் காப்பதிற் சிக்கனம் பிடிக்கும்.

இதன் விளைவு எங்கு வந்து விழும் என்பதை அறிவதற்கு இரத்தினபுரியை நோக்கினால் போதும். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, அங்குள்ள மாணிக்கக் குழிகளின் சரளைப் படையிலிருந்து கிடைத்த எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்து, இத்தீவிலே ஒருகாலத்தில் காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் வாழ்ந்தன எனக் காட்டினார். அவை இன்று இல்லை. அத்தொகுதியிலிருந்து தப்பி இன்றும் நடமாடும் பெருவிலங்கு யானை. கலிபோர்ணியாவுக்குக் கொண்டோர் எதுவோ, இலங்கைக்கு யானை அது: மறைந்துபோன ஒரு கூட்டத்தின் எஞ்சிய சாட்சி. அச்சாட்சிக்கு நேர்வது யாது? 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இத்தீவில் இறந்தன. துப்பாக்கியும், மின்கம்பியும், தீனியுள் மறைத்து வைக்கப்படும் வெடியும் காரணங்களுட் சில. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் ஓரிரவில் மடிந்தன. இவற்றை இழந்த பின் அருகில் நிறுத்துவதற்கு எந்நாட்டு விலங்கை எவர் தேடுவர்?

ஆகவே வேண்டப்படுவது காட்சிகளை மூடுவதன்று. அவற்றின் ஒழுங்கை மாற்றுவது. சிலை இருக்கட்டும், விளையாடுமிடமும் இருக்கட்டும். அவற்றின் பின் வரும் அடைப்பு வெறுமையாய் இருக்கவேண்டும். அதே அகழி, அதே நீர்த்தொட்டி, அதே நிழல், அதே பெயர்ப்பலகை. உள்ளே விலங்கு மாத்திரம் இல்லை. விளையாட்டின் களிப்போடு ஓடிவரும் பிள்ளை அங்கே நின்று, ‘எங்கே அது?’ என்று கேட்கும். அக்கேள்வி பிறந்த இடத்திலே காரணம் பற்றிய விவாதத்தை வைக்கலாம்: எலும்புகளும் கரித்துகளும் ஆண்டுகளும் சான்றாய் நிற்க, வெப்பமா, வேட்டையா, தீயா எனப் பிள்ளைகளே தீர்ப்புக் கூற முயலட்டும். அதன் பின்னரே கொண்டோர் வரவேண்டும். யானை வருவதாயின், இன்று தனக்கென்றுள்ள நாட்டையும் ஆபத்தையும் உடைய விலங்காக, எவருக்கும் ஈடாகாத விலங்காக, அது வரவேண்டும்.

காசு கொடுத்து நுழைந்தவர் வெற்று அடைப்பைக் கண்டு ஏமாற்றமடைவர் என மிருகக்காட்சிசாலையார் அஞ்சலாம். லா பிரேயாவில் உயிருள்ள மமத் எதுவும் இல்லை. எலும்பைக் காண்பதற்கே மக்கள் அங்கே செல்கின்றனர். அங்குள்ள குட்டையிலே, தாரில் அமிழும் மமத்தொன்றையும் கரையில் நின்று அதனைப் பார்க்கும் கன்றையும் சிலைகளாக நிறுத்தினர். அக்காட்சியிற் சாவு மறைக்கப்படவில்லை. பெற்றோர் பல தலைமுறையாகத் தம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்கின்றனர். துயரத்தைத் தாங்கும் வலு பிள்ளைகளுக்கு இல்லை எனக் கருதுவோர் பிள்ளைகளை அறியாதவர்.

இலங்கை யானையின் தலையோட்டைக் கையிலெடுத்த குவியே, அதனருகில் வைத்துப் பார்த்த மமத்துக்கு இவ்வுலகில் ஈடில்லை எனக் கண்டார். அவர் கண்ட வெற்றிடத்தை யானையைக் கொண்டே அடைத்துவிட்டு, அதனைப் பனிக்கட்டிக் காலக் கல்வி என அழைக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். அவ்வெற்றிடத்தின் முன் பிள்ளையொன்று சில கணம் பேசாது நிற்குமாயின், அதுவே அக்காட்சி கற்பிக்கக்கூடிய முழுப் பாடமுமாகும்.